கேம்ப்புக்குப் போன வேன்

9 ஜூன் 1997, திங்கள்

இன்று வெளியே வந்த குடல்வால் வெளுப்பாக, மெலிசாக, என் சுண்டுவிரலைப் போல ஆரோக்கியமாக இருந்தது. டாக்டர் உலகநாதன் அதைத் தட்டில் வைத்து இடுக்கியால் நாலு முறை நசுக்கினார். சிவந்துவிட்டது. அப்படியே வெளியே கொண்டுபோய் அந்தப் பெண்ணின் அப்பாவிடம் காட்டினார். "பாத்தீங்களா? இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா உள்ளேயே வெடிச்சிருக்கும்." அந்த மனுஷர் கண் கலங்கிக் கும்பிட்டார்.

அவளுக்கு வயிறு வலித்தது முந்தின நாள் கல்யாணச் சாப்பாட்டால் என்று எனக்குத் தோன்றுகிறது. தோன்றி என்ன? மயக்க மருந்து டாக்டரை யார் கேட்கிறார்கள்? அணுமின் நிலைய டவுன்ஷிப்பிலிருந்து புதுப்பட்டினம், திருக்கழுக்குன்றம், சில நாள் செங்கல்பட்டு வரை கைனடிக் ஹோண்டாவில் மருந்துப் பெட்டியோடு அலைகிறேன். முதுகில் ஊசி போடு, கால் மரத்ததா என்று கிள்ளிப் பார், தலைமாட்டில் உட்கார். வெட்டுவதா வேண்டாமா என்பது மட்டும் நான் வருவதற்கு முன்பே முடிவாகியிருக்கும்.



14 ஜூன், சனி

உலகநாதன் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். ஊரே வந்திருந்தது. மீன்காரம்மாவிலிருந்து பேங்க் மேனேஜர் வரை எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சாப்பிட வைக்கிறார். திரும்பி வரும்போது ராமானுஜம், "நல்ல மனுஷனாத்தானே இருக்கார், நீ ஏன் அவரைக் கரிச்சுக் கொட்டறே?" என்றார். இவருக்கு எதுவும் பளபளவென்று இருந்தால் போதும். புருஷன் என்பதால் பதில் சொல்லாமல் விட்டேன்.

கேசரி நன்றாக இருந்தது. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சீ.

23 ஜூன், திங்கள்

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

காலையில் அப்பெண்டிக்ஸ் என்று உலகநாதன் நர்சிங் ஹோமிலிருந்து கூப்பிட்டார்கள். போனால் ஸ்ட்ரெச்சரில் ஒரு பெண். வேண்டா என்று பேர். வரிசையாகப் பெண்ணே பிறந்த வீட்டில், போதும் என்று சாமிக்குச் சொல்ல வைத்த பேர். அதைப் பிள்ளையின் தலையில் கட்டியவர்களை என்ன சொல்ல? வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போனவள் அங்கேயே மயங்கி விழுந்திருக்கிறாள். கூட மாமியார் தனகோடி. வாய் ஊரையே விற்கும்.

"காத்தாலேர்ந்து வவுத்தப் புடிச்சிகினு கீறா டாக்டரு. கஞ்சி கூட குடிக்கல. இன்னான்னு பாரு."

உலகநாதன் வலப்பக்கம் அழுத்தினார், அவள் கத்தினாள். அவ்வளவுதான் பரிசோதனை. "அப்பெண்டிக்ஸ். மேடம், முதுகில ஊசி போட்டுடுங்க."

நான் இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை. நாடி விரலுக்குச் சிக்காமல் ஓடுகிறது. தோள்பட்டையும் வலிக்கிறது என்று முனகுகிறாள். வயிற்றுக்குள் ரத்தம் தேங்கினால் தோள் வலிக்கும். இது படிக்கிற பிள்ளைகளுக்கே தெரியும்.

"தூரமாகிக் குளிச்சு எவ்வளவு நாள் ஆச்சு?" என்று கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தனகோடி முந்திக்கொண்டாள். "அதெல்லாம் இன்னாத்துக்குக் கேக்குற? போன வருசமே ஆப்ரேசன் பண்ணியாச்சி. நாந்தான் கேம்ப்புக்கு இட்டுகினு போனேன்."

உலகநாதனும் அதையே சொன்னார். "ஃபேமிலி பிளானிங் ஆன கேஸ் மேடம். டைம் வேஸ்ட் பண்ணாதீங்க." ஆபரேஷன் ஆகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் வயிற்றில் கர்ப்பப்பை என்று ஒன்று இருப்பதே எல்லோருக்கும் மறந்துவிடுகிறது.

"வயித்துல ஊசி குத்தி இழுத்துப் பாருங்க. அதுவரைக்கும் நான் மருந்தைத் தொட மாட்டேன்."

முறைத்தார். குத்தினார். சிரிஞ்சில் கறுப்பு ரத்தம் ஏறியது.

கரு கர்ப்பப்பைக்குப் போகாமல் குழாயிலேயே தங்கி, வளர்ந்து, வெடித்திருக்கிறது. அவர் சொன்னபடி முதுகில் ஊசி போட்டிருந்தால் இருக்கிற பிரஷரும் இறங்கி மேசையிலேயே போயிருப்பாள். முழு மயக்கம் கொடுத்தேன். இரண்டு கையிலும் பாட்டில் ஏற்றி, ரத்தத்துக்குச் செங்கல்பட்டுக்கு ஆள் அனுப்பிவிட்டுத் திறந்தார்கள். உலகநாதனின் கை கெட்டிக்காரக் கை, அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். வெடித்த இடத்தை ஒரே பிடியில் பிடித்தார். ரத்தம் நின்றது.

அப்போதுதான் பார்த்தேன். கேம்ப்பில் தொப்புளுக்குக் கீழே குழல் விட்டு, இரண்டு பக்கமும் கர்ப்பக் குழாயை மடித்து ஒரு சின்ன ரப்பர் வளையம் மாட்டுவார்கள். குழாய் அடைபட்டுவிடும். இவளுக்கு இடப்பக்கம் சரியாக மாட்டியிருந்தது. வலப்பக்கக் குழாயில் வளையமே இல்லை. பக்கத்தில் கர்ப்பப்பையைப் பிடித்துக்கொண்டிருக்கிற நாண் ஒன்று ஓடும். அவசரத்தில் அதைக் குழாய் என்று நினைத்து அதில் மாட்டியிருக்கிறார்கள். வெள்ளையாக, கச்சிதமாக அங்கே உட்கார்ந்திருந்தது.

அந்தக் கேம்ப்பில் மாட்டிய டாக்டர் இதே உலகநாதன்தான். ஒரே பகலில் அவ்வளவு பேருக்குச் செய்தார் என்று மேடை போட்டுச் சால்வை போர்த்தினார்கள்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வளையத்தைக் கத்தரித்து எடுத்தார். ரத்தப் பஞ்சோடு பஞ்சாகப் பக்கெட்டில் போட்டார். வெளியே போய், "சினைப்பையில கட்டி. வெடிச்சிடுச்சு, எடுத்தாச்சு. இனிமே பயமில்லை" என்றார். தனகோடி அவர் காலில் விழுந்தாள். "நீ நல்லா இருக்கணும் சாமி." அவர் பெருந்தன்மையாகத் தோளைத் தொட்டு எழுப்பினார்.

 

24 ஜூன், செவ்வாய்

அவர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். அன்றைக்குக் கேம்ப்புக்கு வந்த மற்றப் பெண்களுக்கும் இதே மாதிரி மாட்டியிருந்தால்? கூப்பிட்டுப் பார்க்க வேண்டாமா?

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீ வரவழைத்தார். "வசுமதி மேடம், நான் உண்மையைச் சொல்றேன்னே வெச்சுக்குங்க. அவ புருஷன் லாரி ஓட்டறவன். ஆந்திராவுக்குப் போனா மாசக்கணக்கில வரமாட்டான். ஆபரேஷன் ஆனவ எப்படிக் கர்ப்பமானான்னு அவன் என்கிட்ட வந்து கேப்பான்னா நினைக்கிறீங்க? அவளைத்தான் கேப்பான். எப்படிக் கேப்பான்னு உங்களுக்குத் தெரியும். உங்க உண்மை அவளை அடிச்சுத் துரத்தும். நான் சொன்ன பொய் அவளைப் பத்திரமா வீட்டுக்கு அனுப்பும்."

 பற்றிக்கொண்டு வருகிறது. இந்த ஆள் தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய்யை அவளுக்காகச் சொன்ன மாதிரி மடித்துக் கொடுக்கிறார், நானும் ஒரு நிமிஷம் அதைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். டீயையும் குடித்துவிட்டு வந்தேன். ஏன் குடித்தேன்?

25 ஜூன், புதன்

ராமானுஜத்திடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார், அதுவே அதிசயம். "எங்க பிளான்ட்டில ஒரு வால்வு தப்பா மாட்டியிருந்தா, அந்த ஆள் அன்னிக்கு மாட்டின எல்லா வால்வையும் கழட்டிப் பார்ப்போம். கேள்வியே கிடையாது" என்றார்.

"இது பொம்பளை வயிறு, வால்வு இல்லையே" என்றேன்.

"அதான் பார்க்க மாட்டேங்கறாங்க" என்றார். இந்த மனுஷருக்குச் சில சமயம் சுரீரென்று பேச வருகிறது.

27 ஜூன், வெள்ளி

வேண்டா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தனகோடி நாஸ்தா வாங்கப் போயிருந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னேன். கட்டி இல்லை, கரு என்று.

அவள் ஆச்சரியப்படவில்லை. "எனுக்குத் தெரியாதாம்மா? மசக்க வந்துச்சி. வாயப் பொத்திகினு மோட்டாரு கொட்டாயாண்ட போயி எடுப்பேன். யாராண்ட சொல்றது? அந்த டாக்டரு கட்டின்னு சொன்னாருன்னு கேட்டுதாம்மா எனுக்கு உசுரே வந்துச்சி."

அவளோடு யாரெல்லாம் கேம்ப்புக்குப் போனார்கள் என்று கேட்டேன். ஒரு வேன் நிறைய, எல்லாம் இவர்கள் ஊர். தனகோடிதான் வீடு வீடாகப் போய்ப் பேசி ஏற்றியிருக்கிறாள். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் கொடுத்தார்களாம்.

"அவங்களுக்குச் சொல்லணும் வேண்டா."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி அல்ல அது, இடுக்கி. "சொல்லாதம்மா. அவங்களாண்ட சொன்னா எங்கதையும் வெளிய வரும். அத்தைக்குத் தெரிஞ்சா வெட்டிப் போட்டுடும். எனுக்கு ரெண்டு புள்ளைங்க கீது. சத்தியம் பண்ணும்மா."

செய்து கொடுத்தேன். தலையில் அடித்து.

உலகநாதனும் நானும் இப்போது ஒரே பொய்யில் கூட்டு.

1 ஜூலை, செவ்வாய்

வேண்டா பேரைச் சொல்லாமல் ஏதாவது செய்யலாம் என்று செங்கல்பட்டில் ஓர் அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். அந்தக் கேம்ப்புக்கு வந்தவர்களை மறுபடி கூப்பிட்டுப் பரிசோதிக்க வேண்டும் என்றேன். "ஏதாவது கேஸ் ஃபெயில் ஆயிருக்கா?" என்றார். பேர் கேட்டார். பேர் சொல்ல முடியாது என்றேன். "ஆயிரத்தில ஒண்ணு ரெண்டு ஃபெயில் ஆகறது சகஜம் மேடம். அதுக்கெல்லாம் எல்லாரையும் கூப்பிட்டா அடுத்த கேம்ப்புக்கு ஒருத்திகூட வரமாட்டா." பேசும்போதே காதைக் குடைந்துகொண்டிருந்தார். குடைந்ததை எடுத்துப் பார்த்துவிட்டு மேசைக்கு அடியில் தேய்த்தார்.

8 ஜூலை, செவ்வாய்

உலகநாதன் கூப்பிட்டார், போனேன். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் சிசேரியன், குழந்தை குறுக்கே கிடக்கிறது. நான் போகாவிட்டால் அவரே முதுகில் ஊசி போட்டுவிட்டு வெட்ட ஆரம்பித்துவிடுவார். தாயும் பிள்ளையும் நலம். "நீங்க இல்லாம இந்த ஊர்ல ஒண்ணும் நடக்காது மேடம்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். சிரிக்கிறார். நானும் பல்லைக் காட்டினேன்.

12 ஜூலை, சனி

நெஞ்சைக் கரிக்கிறது. எதைச் சாப்பிட்டாலும்.

21 ஜூலை, திங்கள்

டவுன்ஷிப் கேட்டிலிருந்து ஃபோன். "மேடம், ஒரு அம்மா உங்க பேரச் சொல்லிச் சத்தம் போட்டுகினு கீது. வுடலாமா?" தனகோடி.

வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லாம் ஜன்னலில். "கட்டின்னானே அந்த ஆளு! கட்டி! நான் போயி அவன் காலுல வுழுந்தேனே, இந்தத் தலைய வெச்சி!" என்று தன் நெற்றியில் அறைந்துகொண்டாள். உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

நடந்தது இது. அதே வேனில் போன பிரபா என்பவள், எதிர் வீட்டுக்காரி, குழாயடியில் வாந்தி எடுத்திருக்கிறாள். அதைப் பார்த்த வேண்டாவுக்குப் பொறுக்கவில்லை. இவளும் வெடித்துச் செத்துவிடுவாளே என்று பயந்து, மாமியாரிடம் வாயைத் திறந்துவிட்டாள். யாரிடம் சொன்னால் வெட்டுவாள் என்று என் கையை முறுக்கினாளோ அவளிடமே.

"மொதல்ல அவள அறஞ்சேம்மா. பொய் சொல்லமாட்டேன். தேவடியான்னு சொன்னேன், முடியப் புடிச்சி இழுத்தேன். பொறவு உக்காந்து ரோசன பண்ணேன். ஒருத்தின்னா அவ மேல தப்பு சொல்லலாம். பிரபாவுமா? அவ புருசன் வூட்ட வுட்டு நவுராதவன். ஒரே வேன்ல போன ரெண்டு பேருக்கு வவுறு ரொம்புதுன்னா தப்பு யாராண்ட கீது?"

 அவள் என்னையும் விடவில்லை. "உனுக்கும் தெரியுமாமே. நீயும் படிச்சவதான. இன்னாத்துக்கு இத்தினி நாளு வாயில கொழுக்கட்டைய வெச்சிகினு இருந்த?"

சத்தியம் செய்தேன் என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது நாறியிருக்கும்.

உலகநாதனிடம் நியாயம் கேட்கப் போகலாமா என்றேன். "அவன் மூஞ்சிய அப்பால பாத்துக்கலாம். மொதல்ல பொம்பளைங்கள பாரு. எங்க இட்டுகினு வரணும், சொல்லு."

24 ஜூலை, வியாழன்

திருக்கழுக்குன்றத்தில் ஸ்கேன் வைத்திருக்கிற என் சிநேகிதி சுஷ்மிதாவிடம் சொல்லி வைத்திருந்தேன். தனகோடி அதே ஊர் வேனைப் பிடித்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். வேண்டாவும் வயிற்றில் துண்டைக் கட்டிக்கொண்டு முன் சீட்டில். கன்னத்தில் இன்னும் வீக்கம் இருக்கிறது. மாமியார் அவளுக்கு மட்டும் சோடா வாங்கிக் கொடுத்தாள், மூஞ்சியைப் பார்க்காமல்.

பிரபாவுக்குக் கரு கர்ப்பப்பைக்குள்ளேதான். உயிருக்கு ஆபத்தில்லை. "இருக்கற புள்ளைங்களே போதும்மா" என்றாள். கலைப்பதற்குப் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். மற்றவர்களுக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை. ஸ்கேனில் வளையம் சரியான இடத்தில் இருக்கிறதா என்றெல்லாம் தெரியாது. நாள் தள்ளினால் உடனே வரவேண்டும் என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. டாக்டர் சாதியே அந்தப் பார்வையில் அடங்கிவிட்டது.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டேன். தனகோடி சுவரைப் பார்த்தாள்.

"அஞ்சல வர்ல."

"ஏன்?"

"அவ ஆடி பொறக்கறப்பவே போயிட்டா."

வயிற்று வலி என்று சுருண்டு படுத்திருக்கிறாள். படிக்காமல் ஊரில் ஊசி போடுகிறவன் ஒருவன், வாயு என்று சொல்லி ஊசி போட்டிருக்கிறான். மறுநாள் விறைத்துக் கிடந்தாள். நாள் தள்ளிப்போனதைப் பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தாள் போல. புருஷன் பெங்களூரில் கட்டட வேலை, எப்போதாவது வருகிறவன். ஊர் கூடி முடிவு கட்டிவிட்டது, எவனிடமோ போய், கலைக்க மருந்து தின்று செத்தாள் என்று. தனகோடியும் அன்றைக்கு அதையேதான் சொன்னாளாம். எல்லாரையும் விடச் சத்தமாக.

"வரமாட்டேன்னுதாம்மா சொன்னா. கைப்புள்ளைக்குப் பால் குடுத்துகினு இருந்தா. நாந்தான் புள்ளைய வாங்கி அவ நாத்தனாராண்ட குடுத்துட்டு, அவளப் புடிச்சி வேன்ல ஏத்தனேன்."

ஆடி பிறந்தபோது. நான் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு, சிசேரியனுக்கு மயக்கம் கொடுத்துக்கொண்டு, நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இருந்த நாட்கள்.

என்ன ஜென்மம் இது.

29 ஜூலை, செவ்வாய்

உலகநாதன் ஃபோன். விஷயம் அவர் காதுக்குப் போய்விட்டது. "இனிமே உங்களைக் கூப்பிட மாட்டேன் மேடம், தப்பா நினைக்காதீங்க." குரலில் அதே தேன். அஞ்சலையைப் பற்றிச் சொன்னேன்.  "போஸ்ட்மார்ட்டம் பண்ணினாங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப யார் என்ன சொல்ல முடியும்?" என்று வைத்துவிட்டார்.

31 ஜூலை, வியாழன்

அவர் சொன்னது இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. குடலிறக்கம், உடனே வரமுடியுமா என்று அவர் நர்ஸை விட்டுக் கேட்கிறார். போகவில்லை. நோயாளியைச் செங்கல்பட்டுக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பினார்களா, விசாரித்தேன். அனுப்பினார்கள்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

தனகோடி வந்து, அஞ்சலையின் அம்மாவைப் பார்க்கப் போகவேண்டும், கூட வா என்றாள். நெம்மேலிப் பக்கம். வண்டியில் பின்னால் உட்கார்ந்து என் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கடற்கரைச் சாலை முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள், காற்றில் பாதிதான் கேட்டது. லாரியிலிருந்து மகன் ஜெயக்குமார் வந்தானாம். நடந்ததைச் சொன்னாளாம். அவன் சாப்பாட்டுத் தட்டை எட்டி உதைத்துவிட்டுத் திரும்பவும் வண்டி ஏறிவிட்டானாம். "வந்தா வர்ட்டும், வராங்காட்டி போவட்டும். அவ எங்கூடத்தான் கீறா" என்றாள்.

அஞ்சலையின் அம்மா பேர் ஞானம்பாள். ஒல்லி, கறுப்பு. மகள் செத்ததற்கு இவள் போகவே இல்லையாம். என்ன மூஞ்சியோடு அந்த ஊருக்குள் நுழைவது என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். பதினாறாம் நாள் காரியமும் போய்விட்டது.

தனகோடி மெதுவாகப் பேசி இன்றுதான் கேட்டேன். வேன், கேம்ப், வளையம், வேண்டா, பிரபா, எல்லாம் சொன்னாள். அந்த அம்மா வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப எம்பொண்ணு தப்பு பண்ணலியா?"

தனகோடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மாவும் பார்த்தாள். "நீ டாக்டருக்குப் படிச்சவ. உனுக்கு நிச்சியமாத் தெரியுமா? சொல்லு."

அஞ்சலையை நான் கண்ணால் கண்டதில்லை. அவள் வயிற்றை யாரும் திறக்கவில்லை, எரித்துவிட்டார்கள். வளையம் எங்கே இருந்தது, எனக்குத் தெரியாது. குழாய் வெடித்ததா, மருந்து தின்றாளா, தெரியாது. புருஷன் கடைசியாக எப்போது வந்தான் என்று கேட்டதற்குத் தனகோடியிடமும் பதில் இல்லை.

"தெரியும்மா" என்றேன். "நிச்சயமாத் தெரியும். உங்க பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லை."

 கம்பத்தை விட்டுவிட்டு உள்ளே போனாள். பானையைத் திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு கை பச்சரிசி அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். "அவ வாயில வாக்கரிசி கூட போடலியே" என்றாள். மூடின கையை நீட்டி, இதை எங்கே போடுவது என்று என்னைக் கேட்டாள்.